126-இன் அக்கம்பக்கம்

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் குளுக்கோஸ் இருந்தால் நீரிழிவு. 125 என்றால் எல்லையில் நிற்பவர், அவ்வளவுதான். 1997 வரை இந்தக் கோடு 140-இல் இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126-க்கு இறக்கியது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள், இன்னொரு நாள் திரும்பப் பாருங்கள் என்று கோடு போட்டவர்கள் சேர்த்தேதான் எழுதினார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவர் அதையெல்லாம் படிப்பதில்லை. 124 வந்தவர் லேப் வாசலிலேயே ஒரு காபி குடித்துவிட்டுப் போகிறார். 128 வந்தவர் வீட்டில் அன்று இரவே சோறு போய்ச் சப்பாத்தி வருகிறது.

இந்த இருவருக்கும் இடையிலுள்ள 4 மில்லிகிராம் அவர்கள் ரத்தத்தில் இருந்ததா, அளந்த கருவியில் இருந்ததா?

ஒருவருடைய உண்மையான அளவு சரியாக 126 என்றே வைத்துக்கொள்வோம். கருவி ஒரு பக்கமாகத் தப்புக் காட்டுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்பின்னாகச் சொல்கிறது, அந்த ஆட்டம் 3 சதவீதம். லேப்காரர்கள் இதை ‘சி.வி. மூன்று’ என்பார்கள். அதே ரத்தத்தை அந்தக் கருவியில் 100 முறை ஓட்டினால் ஏறக்குறைய 95 முறை 118-க்கும் 134-க்கும் இடையில் எங்காவது ஓர் எண் வரும். கருவியில் பழுது ஒன்றும் இல்லை. அதன் இயல்பே அப்படி. கிட்டத்தட்ட பாதி முறை அந்த மனிதர் நீரிழிவுக்காரர், பாதி முறை இல்லை.

ஆகவே ஒரு மருத்துவமனை புதிதாக ஒரு குளுக்கோஸ் அனலைசரை வாங்கி வைக்கும்போது, “இது சரியாகக் காட்டுகிறதா?” என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்காது. எந்த அளவில், எந்தப் பக்கம், எவ்வளவு தப்பும்? அந்தத் தப்பு நம் நோயாளிகளுக்குப் பொறுக்கத்தக்கதா? இதற்கு எண்ணில் பதில் வேண்டும். கருவி உள்ளே வருவதற்கு முன்பே, எவ்வளவு தப்பைப் பொறுப்போம் என்று லேப் எழுதி வைத்திருக்கவும் வேண்டும். எண்கள் வந்தபிறகு வரம்பை யோசித்தால், வந்த எண்ணே நல்ல எண்ணாகத் தெரியும்.

இப்படி ஒரு பரிசோதனை தேவை என்பதே மருத்துவ உலகுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. 1947-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல்க், சண்டர்மன் என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். அளவு தங்களுக்கு மட்டும் தெரிந்த கரைசல்களைப் பல மருத்துவமனை லேப்களுக்கு அனுப்பி, அளந்து சொல்லச் சொன்னார்கள். குளுக்கோஸும் அதில் இருந்தது. திரும்பி வந்த விடைகளில் தேறியவற்றைவிடத் தேறாதவை அதிகம். அன்றைக்குச் சர்க்கரையை அளந்தது பெரும்பாலும் ஃபோலின்–வூ முறையில்: செம்பு உப்பைச் சர்க்கரை ஒடுக்கும், எவ்வளவு ஒடுங்கியது என்று நிறத்தை வைத்துப் பார்ப்பார்கள். ரத்தத்தில் செம்பை ஒடுக்கும் பொருள் குளுக்கோஸ் மட்டுமில்லையே. சிவப்பணுவிலுள்ள குளூட்டத்தையோனும் சேர்ந்து கணக்கில் ஏறிவிடும். சர்க்கரை இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

இன்றைய கருவிகள் நொதிகளை நம்புகின்றன. நம் ஊர்ச் சின்ன லேப்களில் பரவலாக இருப்பது 1969-இல் டிரிண்டர் செம்மைப்படுத்திய ஜி.ஓ.டி.–பி.ஓ.டி. முறை. 10 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, 1 மில்லிலிட்டர் ரீஏஜென்ட், 37 டிகிரியில் 10 நிமிடம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸை ஆக்சிஜனோடு சேர்த்துக் குளுக்கோனிக் அமிலமாக்குகிறது. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. அந்தப் பெராக்சைடை இரண்டாவது நொதி எடுத்து, ஃபீனாலையும் அமினோஆன்டிபைரினையும் பிணைத்து ரோஜாச் சிவப்பில் ஒரு சாயமாக்குகிறது. 505 நானோமீட்டர் ஒளியை அந்தச் சிவப்பு எவ்வளவு விழுங்குகிறது என்பதே சர்க்கரையின் அளவு. பெரிய லேப்களில் ஹெக்ஸோகைனேஸ் முறை. அதில் சாயம் கிடையாது, கடைசியில் உண்டாகும் பொருளைப் புறஊதாக் கதிரில் 340 நானோமீட்டரில் படிப்பார்கள். மூன்றாவது வகை மின்முனை. 1962-இல் லீலண்ட் கிளார்க் அதற்கு வழி காட்டினார். 1975-இல் ஒஹாயோ மாநிலத்து யெல்லோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் அனலைசர்கள் பல ஆண்டுகளுக்குக் குளுக்கோமீட்டர்களின் தகுதியைத் தீர்மானிக்கும் நீதிபதியாகவே இருந்தன.

பரிசோதனையில் முதலில் பார்ப்பது சிதறல். ரேஷன் கடைத் தராசு எப்போதும் 50 கிராம் கூட்டியே காட்டினால் அது ஒரு வகைத் தப்பு. இப்போது 30 கிராம் கூட, அடுத்த முறை 40 கிராம் குறைவாக என்று மாறி மாறிக் காட்டினால் அது வேறு வகை. முதலாவதைச் சாய்வு என்போம், இரண்டாவதைச் சிதறல். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் தனித்தனியாகவே அளக்க வேண்டும்.

சிதறலை அளக்க, சோதிப்பதற்கென்றே வைத்திருக்கும் ஒரே கண்ட்ரோல் சீரத்தை நாளுக்கு 5 முறை வீதம் 5 நாள் ஓட்டுவது வழக்கமான ஏற்பாடு. விற்பனைப் பிரதிநிதி செய்துகாட்டுவது இதுவாக இருக்காது. அவர் ஒரு மதியம் வந்து, ஒரே சீரத்தைத் தொடர்ந்து 20 முறை ஓட்டி, “பாருங்க சார், சி.வி. அரை சதவீதம்” என்பார். சொல்வதில் பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. பாக்கிப் பாதியை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். முதல் நாள் 121, 120, 122, 121, 121. மறுநாள் 118, 119, 118, 119, 118. மூன்றாம் நாள் 123, 124, 123, 122, 123. நான்காம் நாள் 119, 120, 119, 119, 120. கடைசி நாள் 122, 121, 122, 123, 122. எந்த ஒரு நாளை எடுத்தாலும் எண்கள் ஒட்டிப் பிறந்தவைபோல இருக்கின்றன; ஒரு நாளுக்குள் சிதறல் 0.5 சதவீதத்தை ஒட்டித்தான். நாள்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1.6. மூன்று மடங்கு! காலையில் புது பாட்டில் ரீஏஜென்ட் திறந்தார்கள், வேறொருவர் கேலிப்ரேஷன் போட்டார், ஏ.சி. ஓடவில்லை – இதெல்லாம் நாளுக்கு நாள்தான் மாறும், நிமிடத்துக்கு நிமிடம் மாறாது. நோயாளியோ இன்று ஒரு தடவையும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் வருகிறார். அவருக்கு வேண்டியது இரண்டாவது எண்.

சிதறல் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பல சமயம் கருவியைத் தாண்டி வெளியே போக வேண்டியிருக்கும். செமி ஆட்டோ கருவியில் அந்த 10 மைக்ரோலிட்டரைக் கையால் பிப்பெட்டில் எடுக்கிறார்கள். டிப்பின் வெளிப்புறத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துளி ஒட்டியிருந்து, அதுவும் ரீஏஜென்டுக்குள் போய்விட்டால் 0.3 மைக்ரோலிட்டர் கூடுதல். 10-இல் 0.3 என்பது 3 சதவீதம். 126-இல் அது ஏறக்குறைய 4 மில்லிகிராம். சோற்றுக்கும் சப்பாத்திக்கும் இடையில் நாம் பார்த்த அதே 4. டிப்பை ஒரு முறை டிஷ்யூவில் துடைத்துவிட்டு விடும் பழக்கமுள்ள டெக்னீசியன், கருவியின் விலையில் கால்வாசியை மிச்சப்படுத்துகிறார் என்பது என் கணிப்பு.

சிதறல் எவ்வளவு வரை பொறுக்கலாம்? இதற்கு அழகான ஒரு வாதம் உண்டு. ஒரே மனிதரின் வெறும்வயிற்றுச் சர்க்கரையே நாளுக்கு நாள் 5 சதவீதத்தை ஒட்டி ஏறி இறங்குகிறது. உடம்பு ஆடும் ஆட்டத்தில் பாதிக்கு மேல் கருவி ஆடக் கூடாது. 2011-இல் வந்த அமெரிக்க லேப் வழிகாட்டி ஒன்று இந்த அடிப்படையில் சிதறலுக்கு 2.9, சாய்வுக்கு 2.2, மொத்தத் தப்புக்கு 6.9 சதவீதம் என்று வரம்பு வைத்தது. 2023-இல் அவற்றையே 2.4, 2.1, 6.1 என்று இறுக்கினார்கள். சட்டம் இவ்வளவு கண்டிப்பு இல்லை. அமெரிக்க அரசின் லேப் விதிகள் நெடுங்காலம் 10 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தன. 2025 முதல் அது 8 சதவீதம், அல்லது 6 மில்லிகிராம், எது பெரிதோ அது.

சாய்வு இன்னும் சிக்கலான சமாச்சாரம். ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று சொல்ல, நேராக நிற்கும் ஒன்று வேண்டுமே. உண்மையான சர்க்கரை அளவு யாருக்குத் தெரியும்? இதற்காக அமெரிக்கத் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. உறைந்த மனித சீரத்தைச் சின்னக் குப்பிகளில் வைத்திருக்கிறது. அதன் அளவை நிர்ணயிக்கும் முறை வித்தியாசமானது. கனமான கார்பன்-13 அணுக்கள் கொண்ட குளுக்கோஸைத் துல்லியமாக எடைபோட்டுச் சீரத்தில் கலப்பார்கள். இரண்டு குளுக்கோஸும் வேதியியலில் இரட்டையர். எடையில் மட்டும் வேறு. பிரித்தெடுக்கும்போது பாதி வீணாய்ப் போனாலும் இரண்டும் சம விகிதத்தில்தான் வீணாகும். கடைசியில் நிறைமானியில் கனமானதற்கும் சாதாரணமானதற்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், முதலில் எவ்வளவு இருந்தது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். அந்தக் குப்பியிலிருந்து கம்பெனியின் மூல அளவுகோல், அதிலிருந்து கிட் பெட்டிக்குள் வரும் கேலிப்ரேட்டர், அதிலிருந்து உங்கள் ரிப்போர்ட். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் நிச்சயமின்மை சேரும்.

இங்கே குளுக்கோஸ் செய்யும் ஒரு குறும்பும் உண்டு. தண்ணீரில் அது ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு வடிவங்களில் இருக்கிறது. நிலைபெற்ற கரைசலில் 36-க்கு 64. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பீட்டாவை மட்டுமே தொடும். கடையில் வாங்கும் படிகமோ பெரும்பாலும் ஆல்ஃபா. அதைக் கரைத்த சூட்டோடு ஸ்டாண்டர்டாக வைத்து ஓட்டினால் நொதிக்கு அதில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது. ஸ்டாண்டர்டு வெளிறிப்போகும், அதோடு ஒப்பிடப்படும் நோயாளிகளின் சர்க்கரை எல்லாம் எகிறும். அதனால்தான் கரைத்த ஸ்டாண்டர்டைக் குறைந்தது இரண்டு மணி நேரம் சும்மா வைக்கச் சொல்கிறார்கள். சில கிட்களில் இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்த மியூட்டரோட்டேஸ் என்ற இன்னொரு நொதியையே சேர்த்துவிடுகிறார்கள்.

நடைமுறையில் ஒரு மருத்துவமனை சாய்வைப் பார்ப்பது, ஏற்கெனவே நம்பும் கருவியோடு புதியதை ஒப்பிட்டுத்தான். குறைந்தது 40 நோயாளிகளின் சாம்பிள், தாழ்வு முதல் உச்சம் வரை எல்லா அளவிலும், ஐந்து நாளாவது பிரித்து, இரண்டு கருவியிலும் இரண்டு மணி நேரத்துக்குள். பிறகு பழையதைக் கிடையாகவும் புதியதைச் செங்குத்தாகவும் வைத்துப் புள்ளிகள் போடுவார்கள். கோடு அழகாக வரும். ‘ஒட்டுறவுக் கெழு 0.99’ என்று கீழே எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலை மூடுவார்கள்.

அந்த 0.99-ஐப் பார்த்து மயங்குவது இந்தத் துறையின் தீராத வியாதி. புதிய கருவி எல்லாச் சாம்பிளிலும் சரியாக 10 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று வையுங்கள். புள்ளிகள் நூல் பிடித்ததுபோல ஒரே நேர்கோட்டில் நிற்கும்; கெழு 0.99 என்ன, முழுசாக 1 வரும். ஆனால் 120 உள்ள ஒவ்வொருவரும் 132 ஆகி நீரிழிவுக்காரர் ஆகிவிடுவார். கெழு சொல்வது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டும். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. 1986-இல் பிளாண்டும் ஆல்ட்மனும் ‘லான்செட்’ இதழில் இதைத்தான் எளிமையாக எடுத்துச் சொன்னார்கள்: இரண்டு அளவுகளின் சராசரியைக் கிடையில் வை, வித்தியாசத்தைச் செங்குத்தில் வை, கண்ணால் பார். இன்றும் எத்தனையோ ஆய்வேடுகள் கெழுவோடு நின்றுவிடுகின்றன.

சராசரி வித்தியாசமும் ஏமாற்றக்கூடியது. புதிய கருவியின் எண், பழையதைப்போல் 1.04 மடங்கிலிருந்து 5-ஐக் கழித்தது என்று கோடு வருவதாகக் கொள்ளுங்கள். 126-இல் இரண்டும் ஒத்துப்போகும். 400-இல் புதியது 411 சொல்லும். 50-இல் 47 சொல்லும். சாம்பிள்களின் சராசரி 126-ஐச் சுற்றி இருந்தால், சராசரிச் சாய்வு பூஜ்யம் என்று ரிப்போர்ட் வரும். அதனால் ஒற்றைச் சராசரியை ஏற்கக் கூடாது. மருத்துவர் முடிவெடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் சாய்வைக் கேட்க வேண்டும். தாழ்சர்க்கரைக்கு 70, நீரிழிவுக்கு 126. கர்ப்பிணிகளுக்கு, சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பெயரோடு அறியப்படும் முறைப்படி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140.

மற்ற சோதனைகளை வேகமாகக் கடந்துவிடலாம். உச்சச் சாம்பிளையும் தாழ்ந்த சாம்பிளையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து ஓட்டி, எண் நேர்கோட்டில் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஓர் எல்லைக்கு மேல் ரீஏஜென்ட் தீர்ந்துபோய்க் கோடு வளையும், அதற்கு மேற்பட்ட சாம்பிளை நீர்க்கச் செய்துதான் ஓட்ட வேண்டும். உச்சச் சாம்பிளுக்கு அடுத்துத் தாழ்ந்ததை வைத்து, முன்னதன் மிச்சம் பின்னதில் ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள். குறுக்கீடு மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. டிரிண்டர் முறை பெராக்சைடை நம்பியிருக்கிறது அல்லவா? வைட்டமின் சி, யூரிக் அமிலம், மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிரூபின் எல்லாம் அந்தப் பெராக்சைடை வழியிலேயே தின்றுவிடும். சாயம் குறையும், சர்க்கரை குறைவாகத் தெரியும். ஹெக்ஸோகைனேஸ் முறையில் பெராக்சைடே கிடையாது. இந்தத் தொல்லை அதற்கு மிகக் குறைவு.

இவ்வளவும் சரியாக வந்தபிறகு, கருவிக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம். குழாய்க்குள் போன ரத்தம் உயிருள்ளது. சிவப்பணுக்கள் அங்கேயும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம். கிராமத்து முகாமில் காலை 7 மணிக்கு எடுத்த 126, லேப்புக்கு வந்து சேரும் 9 மணிக்கு 110-ஐ ஒட்டி வந்துவிடும். சாம்பல் மூடிக் குழாயிலுள்ள சோடியம் ஃபுளோரைடு இதை நிறுத்தும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். நிறுத்தும், ஆனால் உடனே அல்ல. ஃபுளோரைடு தடுப்பது ஈனோலேஸ் என்ற நொதியை. சர்க்கரை சிதையும் வரிசையில் அது கடைசிப் பக்கம் இருக்கிறது. அதற்கு முந்தைய படிகள் முதல் ஓரிரு மணி நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சிட்ரேட் சேர்த்து ரத்தத்தை அமிலமாக்கும் குழாய்கள் வரிசையின் தொடக்கத்திலேயே கதவை அடைக்கின்றன. கருவிகளை ஒப்பிடுபவர்களுக்கு இதில் ஒரு வலை இருக்கிறது: சாம்பிள் முதலில் பழைய கருவிக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிய கருவிக்கும் போனால், சிவப்பணு தின்ற சர்க்கரை புதிய கருவியின் சாய்வு என்று பதிவாகிவிடும்.

கருவி தேறி வேலைக்கு வந்த பிறகு தினசரிக் காவல். 1924-இல் தொழிற்சாலைப் பொருள்களுக்காக ஷூஹார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தை, 1950-இல் லீவியும் ஜென்னிங்ஸும் மருத்துவ லேப்புக்குக் கொண்டுவந்தார்கள். தினமும் காலையில் கண்ட்ரோல் ஓட்டிப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் தொடர்ந்து பத்து நாள் நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால், எதுவும் எல்லை தாண்டாவிட்டாலும் சாய்வு வந்துவிட்டது என்று சந்தேகப்படச் சொல்கின்றன 1981-இல் வந்த வெஸ்ட்கார்டு விதிகள். இந்தியாவில் வெளியிலிருந்து வரும் சோதனைக்கு வேலூர் சி.எம்.சி. நடத்தும் திட்டம் நெடுங்காலமாக இருக்கிறது: அளவு தெரியாத மாதிரி வரும், அளந்து அனுப்பினால் மற்ற லேப்களோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கிட் வைத்திருக்கும் லேப்களை ஒன்றாகச் சேர்த்து ஒப்பிடும்போது, அந்தக் கிட்டே சாய்ந்திருந்தால் கூட்டம் முழுவதும் சேர்ந்து சாய்ந்து நிற்கும். யாருடைய மதிப்பெண்ணும் குறையாது.

வீட்டு மீட்டர் 140 காட்டியது, லேப் 126 சொல்கிறது, யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்காதவர் இல்லை. 2013-ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. தரம் 100-க்கு மேல் குளுக்கோமீட்டருக்கு 15 சதவீதம் வரை இடம் தருகிறது. 126-க்கு 140 அதற்குள் அடக்கம். இருவரும் பொய் சொல்லவில்லை. மீட்டர் இன்சுலின் அளவைத் திருத்தப் போதும், நோயைக் கண்டுபிடிப்பது அது எடுத்துக்கொண்ட பொறுப்பு இல்லை.

நீரிழிவு கிளினிக்கில் 126-ஐச் சுற்றி நன்றாகத் தேறிய அதே கருவியை, பச்சிளங்குழந்தைப் பிரிவின் சாம்பிள்களுக்கும் வைத்துக்கொள்ளலாமா? அங்கே முடிவெடுக்கும் எண் 45-க்குப் பக்கத்தில். அதற்குக் கீழே போனால் டிரிப்பாகக் குளுக்கோஸ் ஏற்றுவதா என்று யோசிப்பார்கள். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் சிவப்பணு அடர்த்தி அதிகம், ஆகவே குழாய்க்குள் சர்க்கரை வேகமாகக் கரையும். மூன்றாம் நாள் பல குழந்தைகளுக்குப் பிலிரூபின் ஏறியிருக்கும், ஆகவே டிரிண்டர் முறையில் இன்னும் கொஞ்சம் குறையும். 1.04 மடங்கு கழித்தல் 5 என்ற அந்தக் கருவி 45-ஐ 42 என்று சொல்லும். அந்த அமெரிக்க விதி அனுமதிக்கும் 6 மில்லிகிராம் இங்கே 13 சதவீதத்துக்கும் மேல். இந்தப் பிரிவுக்கென்று 45-ஐ ஒட்டிய சீரத்தை வைத்துச் சிதறலைத் தனியாக அளந்து, பிலிரூபின் சேர்த்த சாம்பிளையும் சேர்க்காத சாம்பிளையும் அருகருகே ஓட்டிப் பார்த்து, தேறாவிட்டால் இந்த வார்டின் சாம்பிள்களை மட்டும் ஹெக்ஸோகைனேஸ் கருவிக்கு அனுப்புவதுதான் வழி. அதுவும் ஐஸில் வைத்து, உடனே.